மீனுக்குப் போர்த்திய சுவெட்டர்

ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், என்னை அழைத்துப்போக வந்திருந்த ஸ்டெல்லா கேட்ட முதல் கேள்வி "சுவெட்டர் எங்கக்கா?" என்பதுதான். மேட்டூர்க்காரி சுவெட்டருக்கு எங்கே போவாள்? எங்கள் ஊரில் மார்கழி மாதத்தில்கூட மின்விசிறியை நிறுத்தினால் வீட்டில் சண்டை வரும். நான் கொண்டுபோயிருந்தது ஒரு பருத்தித் துண்டு. அதைத் தலையில் சுற்றிக்கொண்டு பல் கிடுகிடுக்க நின்ற என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தான் போட்டிருந்த பழுப்பு சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

நான் அணைக்குக் கீழே பண்ணை வைத்து மீன்குஞ்சு வளர்த்து விற்கிறவள். கட்லா, ரோகு குஞ்சுகளைத் தண்ணீரோடு பாலித்தீன் பையில் விட்டு, ஆக்சிஜன் அடைத்து, ஏரி குத்தகைக்காரர்களுக்கு அனுப்பியே பாதி ஆயுள் போய்விட்டது. மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் சில ஒன்று சேர்ந்து குஞ்சு வாங்கி விடப்போகின்றன, விவரம் தெரிந்த ஆள் ஒருத்தர் கூட இருந்தால் நல்லது என்று தெரிந்தவர் மூலமாகக் கேட்டார்கள். கீழ்நாட்டுப் பண்ணையில் குஞ்சுகளை வாங்கி, லாரியில் மலைக்கு ஏற்றி, உயிரோடு தண்ணீரில் விடவேண்டும். அவ்வளவுதான் வேலை. போன வருடம் அவர்களாகவே கொண்டுவந்து பார்த்தார்களாம், வந்து சேர்வதற்குள் அத்தனையும் செத்துவிட்டதாம். "வெயில்ல வெந்திருக்கும்" என்று மேட்டூரில் இருந்தபடியே ஃபோனில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். என் தொழிலில் எனக்குத் தெரிந்த எதிரி வெயில் ஒன்றுதான்.

ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயது இருக்கும். அவள்தான் அந்தக் குடும்பங்களுக்குத் தலைவி மாதிரி. புருஷன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறார். அவள் வீட்டில்தான் எனக்கு ஜாகை. லயத்து வீடுதான், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை, ஆனால் பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டியிருந்தாள். அன்று இரவு பாணும், இடித்த மிளகாய்ச் சம்பலும், குளத்து மீன் குழம்பும். பாண் என்றால் ரொட்டிதான், நம் ஊரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. அதை மீன் குழம்பில் தோய்த்துத் தின்னலாம் என்று இத்தனை வயதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை என்னைத் தண்ணீருக்குக் கூட்டிப்போனாள். தேயிலைச் செடிகள் இறங்கி வந்து தண்ணீரில் காலை நனைக்கிற இடத்தில் வள்ளம் கிடந்தது. மேட்டூரில் எல்லாம் பரிசல்தான். வட்டமான பரிசலில் பழகிய எனக்கு இந்த நீள வள்ளத்தில் எங்கே உட்கார்ந்தாலும் கவிழ்ந்துவிடும் போலிருந்தது. ஸ்டெல்லா சின்னத் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் ஓட்டினாள்.

நடுவில் ஓரிடத்தில் துடுப்பை உள்ளே இழுத்துவைத்தாள். காலில் இருந்த ரப்பர் செருப்பையும் கழற்றினாள். வள்ளம் தானாக நகர்ந்தது.

"நீங்களும் கழட்டுங்கக்கா. பழைய மஸ்கெலியா டவுன் இதுக்குக் கீழதான் இருக்கு. அணை கட்டினப்ப முங்கிப் போச்சு. நேரா கீழ கோயிலு. இந்த எடத்துல யாருமே வலை போட மாட்டோம்."

"நீ வேதக்காரிதானே, சர்ச்சுக்குப் போறவ?"

"அதனால என்னாங்க? சாமி வீடுதானே."

கோயிலைத் தாண்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு, முந்தின நாள் போட்ட வலையை இழுத்தாள். வந்ததெல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். ஒவ்வொன்றாகக் கண்ணியிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டாள். பெரியதாக நாலைந்து தேறின. ஒரு வீட்டுக் குழம்புக்குக் காணும், விற்பனைக்குக் காணாது.

"ரெண்டு வருஷமா இதே கததான். இருந்ததெல்லாம் புடிச்சாச்சு. புதுசா விடாம எங்கிருந்து வரும்?"

கரைக்குத் திரும்பும்போது விஷயத்தைச் சொன்னாள். முன்பு அவள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். சொன்ன கிலோ வராவிட்டால் 'அரைப்பேர்' போடுவார்கள், அதாவது நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதிநாள் சம்பளம். அது பொறுக்காமல் பேரை வெட்டிக்கொண்டு மீனுக்கு வந்துவிட்டாள். இப்போது மீனும் இல்லை. தோட்டத்துக் கண்டாக்கு, வேலையாட்களை மேய்க்கிற உத்தியோகஸ்தர், கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: வருகிற திங்கட்கிழமை பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, வந்து நின்றால் மறுபடி பேர் போடுவேன், அதற்குப் பிறகு இடம் கிடையாது.

"குஞ்சு உசுரோட வந்துச்சுன்னா அது வளர்ற வரைக்கும் எப்படியாச்சும் ஓட்டிருவேன். செத்துச்சுன்னா திங்கக்கெழம பெரட்டுல போய் நிப்பேன். மத்த வீட்டுக்காரங்களும் என் பேச்ச நம்பித்தானே போன வருஷமும் எறங்குனாங்க, இப்பவும் எறங்குறாங்க. ரெண்டாவது தடவையும் செத்தா யாரு மொகத்தையும் பாக்க ஏலாதுக்கா."

"தண்ணியில அவ்வளவு பிடிப்பா உனக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணியில அரைப்பேரு கெடையாதுங்க" என்றாள்.

நான் வந்திருக்கிறேன், ஒன்றுகூடச் சாகாது என்று வீறாப்பாகச் சொன்னேன். என் வாய் எப்போதும் காலுக்கு முன்னால் ஓடும்.

சனிக்கிழமை லாரி. ஓட்டுநர் நவாஸ் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள்) ஹட்டன் டவுன்காரர், நீர்கொழும்பிலிருந்து கடல்மீன் ஏற்றிவந்து மலையெல்லாம் கொடுக்கிறவர். வண்டியில் மூலைமுடுக்கெல்லாம் மீன் வாசனை. ஸ்டெல்லா நடுவில், நான் ஜன்னலோரம். கீழ்நாட்டுப் பண்ணையில் நான் என் புத்தியைக் காட்டினேன். தண்ணீரை முகர்ந்தேன், பைக்கு இத்தனை குஞ்சுதான் என்று பிடிவாதம் பிடித்தேன், முடிச்சுச் சரியில்லாத பைகளைத் திருப்பிக் கொடுத்தேன். பண்ணை ஆள் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தான். என்ன சொல்கிறான் என்றேன். "இந்த அம்மாவோட வீட்டுக்காரர் பாவம்னு சொல்றான்" என்று ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள். அதை என் வீட்டுக்காரரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

புறப்பட்டபோது வெயில் ஏறிவிட்டது. கீழ்நாட்டுப் புழுக்கம் எனக்கு மேட்டூரை நினைவூட்டியது. வழியெல்லாம் நவாஸ் நானாவை நச்சரித்தேன். "நானா, நிழல் பார்த்து நிறுத்துங்க. குஞ்சுக்குச் சூடு படவே கூடாது." "சரி தங்கச்சி." "சூடு பட்டா போச்சு." "சரிங்க தங்கச்சி." இடியப்பம் சாப்பிட ஒரு கடையில் நிறுத்தினோம். பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்துக்கொண்டே இருந்தார்கள், நானும் தட்டைக் காட்டிக்கொண்டே இருந்தேன். நானா டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்ச் சற்றுத் தாமதமாக வந்தார். வண்டி கிளம்பியதும் உண்ட மயக்கத்தில் தூங்கிப்போனேன்.

குளிரில் விழித்து, ஸ்டெல்லாவின் சுவெட்டரை மாட்டிக்கொண்டேன். வண்டி நின்றிருந்தது. மலை ஏறியிருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. முன்னால் பஸ்ஸும் வேனுமாக நீளமான வரிசை. வட்டவளைக்கு அருகே மண் சரிந்து, டர்பன்டைன் என்கிற உயரமான மரம் ஒன்று வேரோடு ரோட்டுக்குக் குறுக்கே விழுந்திருக்கிறது. வரிசையோரமாக நடந்துவந்த போலீஸ்காரரிடம் ஸ்டெல்லா சிங்களத்தில் விசாரித்தாள். "மரம் வெட்ட ஆள் வருகிறது. எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள், அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றாராம்.

சும்மா இருப்பதற்குக் குஞ்சுகளையாவது பார்க்கலாம் என்று பின்கதவைத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது. பைகளுக்கு நடுவிலும் மேலுமாக உடைத்த ஐஸ் கொட்டிக் கிடந்தது.

"நானா, என்ன இது?"

"ஐஸ்" என்றார் பெருமையாக. "காலையிலருந்து சூடு படக்கூடாது, சூடு படக்கூடாதுன்னு சொல்லிட்டே வந்தீங்கதானே. சாப்புட நிப்பாட்டுனப்ப வாங்கிப் போட்டேன். இனி நாளைக்கு வரைக்கும் சூடு கிட்ட வராது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"மீனுக்கு ஐஸ் போட யாரும் கேப்பாங்களா தங்கச்சி? கைப்பழக்கம்."

எனக்கு ஏதோ பொறி தட்டியது. "போன வருஷமும் குஞ்சு ஏத்தினது உங்க வண்டியிலதானா?"

அவர் தலையாட்டினார். ஸ்டெல்லா அவரைப் பார்த்தாள். அவர் ஐஸைப் பார்த்தார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. வெயிலில் வெந்தது என்று நான் மேட்டூரிலிருந்து சொன்ன தீர்ப்பும் அந்த ஐஸோடு சேர்ந்து கரைந்தது.

பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். குஞ்சுகள் அடியில் கறிவேப்பிலை கொட்டியது போல் பக்கவாட்டில் கிடந்தன. அசைவில்லை. ஸ்டெல்லா அழவில்லை. "செத்துருச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. கண்ணைப் பைக்கு ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு குஞ்சின் செவுள் மெல்லத் திறந்து மூடியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"சாகல. விறைச்சுப் போச்சு. ஆனா இப்படியே விட்டா செத்துரும்."

ஐஸை வாரி ரோட்டோரம் கொட்டினோம். நவாஸ் நானா வெறுங்கையால் பைத்தியம் பிடித்தவர் போல வாரினார். போட்டிருந்த சுவெட்டரைக் கழற்றி ஒரு பையைச் சுற்றினேன். முன்னால் நின்ற பஸ் நல்லதண்ணி என்கிற ஊருக்குப் போவது. சிவனொளிபாத மலை ஏறப்போகும் சிங்கள யாத்திரிகர்கள், வெள்ளைத் துணியும் கம்பளித் தொப்பியுமாக ஜன்னல் வழியே எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஓர் அம்மாள் இறங்கிவந்து, குழந்தைக்கா என்று கேட்டார். மீனுக்கு என்றாள் ஸ்டெல்லா. என்ன செய்யப்போகிறீர்கள் என்றார். குளத்தில் விடப்போகிறோம் என்றாள்.

அந்த அம்மாள் பஸ்ஸைப் பார்த்து உரக்கச் சொன்னதை ஸ்டெல்லா எனக்குத் தமிழில் சொன்னாள்: "இவர்கள் உயிர்களைத் தண்ணீரில் விடப்போகிறார்கள், புண்ணிய காரியம், போர்வை இருந்தால் கொடுங்கள்." சால்வையும் போர்வையும் ஜன்னல் வழியாக வந்து விழுந்தன. அந்த உயிர்கள் வளர்ந்தபிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றி நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் போர்வை இருக்கிற சூட்டைத்தான் காப்பாற்றும், இல்லாத சூட்டை எங்கிருந்து கொடுக்கும்? சுடுதண்ணீர் ஊற்றினால் அந்தக் கணமே செத்துவிடும். மெதுவாக, சுற்றிலும் இருந்து சூடு வரவேண்டும். அதைச் சொன்னதும் ஸ்டெல்லா மேலே கைகாட்டினாள். ரோட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை, புகைபோக்கியில் புகை. "ஸ்டோருல அடுப்பு எரியுதுக்கா" என்றாள். தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்கிறார்கள்.

ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். வாசலிலேயே டீமேக்கர் மறித்தார். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர், ஒல்லியான மனிதர், நீண்ட மூக்கு.

"மீனா? ஸ்டோருக்குள்ள மீனா? கருவாடு தின்னுட்டு வந்தாலே கை கழுவாம ஒருத்தரையும் உள்ள விட மாட்டேன். தேயிலை எந்த வாசத்தையும் புடிச்சுக்கும். நாளைக்கு என் தேயிலையில மீன் நாறுச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

"உள்ள வேணாங்க ஐயா. வெறகு போடுற அடுப்புப் பக்கம் மட்டும் போதும்" என்றாள் ஸ்டெல்லா.

அவர் அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சார், உயிர் மீன் நாறாது. செத்தாத்தான் நாறும். இங்கேயே நிக்க வச்சீங்கன்னா உங்க வாசல்லயே சாகும். அப்புறம் எது நாறும்னு நீங்களே யோசிச்சுக்குங்க" என்றேன். ஸ்டெல்லா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பையை வாங்கி, அந்த நீண்ட மூக்கைப் பாலித்தீனில் ஒட்டவைத்து, தேயிலையை முகர்வது போலக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். திருப்பி மறுபக்கமும் முகர்ந்தார். அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றோம்.

"தண்ணி வாசம்தான் இருக்கு" என்றார். "பின்பக்கமா வாங்க. அந்த மீன் லொறிக்காரர் மட்டும் வெளியிலயே நிக்கட்டும்."

தேயிலை உலர்த்துகிற இயந்திரத்துக்கான அடுப்பு கட்டடத்தின் பின்புறம் இருந்தது. சுற்றிலும் விறகு அடுக்கு. மீதிப் பைகளை நானா வாசல்வரை சுமந்துவந்து தர, நாங்கள் உள்ளே கொண்டுபோனோம். உள்ளே போனதும் மேட்டூர் சித்திரை மாதத்துக்குள் போன மாதிரி இருந்தது. அடுப்புக்கு அருகே போகாமல், விறகு அடுக்குகளின் மேல் பைகளைத் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்தேன். இட்லி வேகவைக்கிறோமா, குழந்தையைக் குளிப்பாட்டுகிறோமா என்பது மாதிரியான கணக்கு அது. கொஞ்சம் கூடினாலும் போச்சு. பைகளைப் புரட்டிப் புரட்டி வைத்தோம். டீமேக்கர் எங்கிருந்தோ ஒரு தெர்மோமீட்டரைக் கொண்டுவந்து பைகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். போகிறேன் போகிறேன் என்றவர் போகவில்லை.

முதலில் ஒரு குஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. பையை மெல்லப் புரட்டிவைத்தேன். பிறகு அது நிமிர்ந்து நீந்தியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பை முழுக்க வாலாட்டம். அடுத்த பை. அதற்கடுத்தது. குஞ்சுகள் பாலித்தீனில் முட்டுவது தூறல் விழுவது போல மெலிதாகக் கேட்டது.

ஸ்டெல்லா விறகுக்கட்டை மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் அவளைச் சமாதானப்படுத்தப் போய் நானும் அழுதேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ லட்சம் குஞ்சுகளை விற்றிருக்கிறேன், ஒன்றுக்காகவும் அழுததில்லை. அப்பாடா என்று அன்றைக்கு விட்ட மூச்சை இன்னும் மறக்க முடியவில்லை. ஐஸை ஒட்டிக் கிடந்த ஒரு பை மட்டும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

டீமேக்கர் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். வாசலுக்கு வெளியே நின்ற நவாஸ் நானாவுக்கும் போனது. சேதியைக் கேட்டு அவர், "அல்லாஹ் காப்பாத்திட்டான்" என்று சொல்லிவிட்டு, குவளையைப் பிடிக்க முடியாமல் விறைத்த விரல்களை ஊதிக்கொண்டிருந்தார். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு அப்போது போய்விட்டது.

மரத்தை வெட்டி ரோட்டைத் திறந்தார்கள். போர்வைகளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த யாத்திரிக அம்மாள் ஒரு பையை வாங்கிப் பார்த்து, குஞ்சுகளைக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார். பொழுது இருக்கும்போதே குளத்தை அடைந்துவிட்டோம். கரையில் எல்லா வீட்டு ஆட்களும் நின்றார்கள். ஸ்டெல்லா லாரியிலிருந்து குதித்து, "இருக்கு, இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பைகளை வள்ளங்களில் ஏற்றி, யாரும் வலை போடாத அந்த இடத்துக்கே கொண்டுபோனோம். எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். பைகளைப் பிரிக்காமல் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தோம். பிறகு ஸ்டெல்லா முதல் பையின் வாயைத் திறந்து சாய்த்தாள். குஞ்சுகள் அவசரப்படவில்லை. ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தன. அப்புறம் மொத்தமும் மூழ்கிப்போன கோயிலை நோக்கி இறங்கிப் போயின.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போய்வந்து எனக்காகக் கோழி அடித்தாள். ஏன் மீன் இல்லை என்று கேட்டேன். "நேத்து அந்தப் பாடு பட்டுட்டு இன்னைக்கு எப்படிங்க மீன் தின்றது?" என்றாள். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தபிறகு, எனக்கும் மீன் இறங்கியிருக்காது என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை என்னை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட ரோட்டுக்கு வந்தாள். சுவெட்டரைக் கழற்றி நீட்டினேன். வாங்கவில்லை, "ஹட்டன் தாண்டுற வரைக்கும் குளிருங்க" என்றாள். ரோட்டுக்கு மேலே பெரட்டுக் களம். பெண்கள் முதுகில் கூடையோடு சேர்ந்துகொண்டிருந்தார்கள். கண்டாக்கு கையில் பெயர்ப் புத்தகத்தோடு நின்று எங்கள் பக்கமே பார்த்தார்.

வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதியது. பேசிக்கொண்டிருந்த ஸ்டெல்லா சட்டென்று திரும்பி, மேட்டுப் பாதையில் இரண்டு எட்டு வைத்துவிட்டாள். பிறகு தானே உணர்ந்து நின்றாள். மேலே நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"பழக்கம்க்கா" என்றாள் வெட்கத்தோடு.

பிறகு கண்டாக்கைப் பார்த்து இல்லை என்பது போலக் கையசைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து, தேயிலைக்கு நடுவே தண்ணீருக்கு இறங்குகிற பாதையில் போனாள். என் பஸ் வந்து, ஏறி உட்கார்ந்து, வளைவு திரும்புகிறவரைக்கும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறைகூட மேலே திரும்பிப் பார்க்கவில்லை.